குறைந்த செலவில் எல்லாவற்றுக்கும் ஒரே ஷாட்கன்: எதை எடுக்கலாம்?

#1 வரப்போரம்

வணக்கம். உரிமம் கைக்கு வந்துவிட்டது, இனி துப்பாக்கி வாங்க வேண்டியதுதான் பாக்கி. இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும், அதுவும் விலை குறைந்ததாக. மாதம் ஒன்றிரண்டு முறை, காற்றில் வீசும் களிமண் தட்டு சுடப் போவேன். விதைப்பு நேரத்தில் கூட்டமாக வந்து இறங்கும் புறாக்களைச் சமாளிக்க வேண்டும். அனுமதி உள்ள பருவத்தில் முயல் மாதிரி சிறு வேட்டையும் உண்டு.

என் கண்ணில் பட்டவை மூன்று. புதிய பம்ப் ஒன்று, முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா மாற்றும் வகை. பழைய இரட்டைக் குழல் ஒன்று, பார்க்க அவ்வளவு அழகு. அப்புறம் ஒற்றைக் குழல் ஒன்று, மூன்றிலும் மலிவு, தூக்கினால் எடையே தெரியவில்லை. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் எதை எடுப்பீர்கள்?

#2 களிமண்தட்டு

12 போர் பம்ப் (போர் என்பது குழல் வாயின் அளவு). நான் யோசிக்கவே மாட்டேன்.

ரெமிங்டன் 870 வந்தது 1950-இல். மோஸ்பெர்க் 500 அதற்குச் சுமார் பத்து ஆண்டு பின்னால். இரண்டிலும் தனித்தனியே ஒரு கோடிக்கு மேல் செய்திருக்கிறார்கள். அதனால் உதிரிபாகம் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர் கிடைப்பார், பழையது வாங்கினாலும் பயமில்லை. இன்னும் மலிவாக வேண்டும் என்றால் மேவரிக் 88 இருக்கிறது. அதுவும் மோஸ்பெர்க் செய்வதுதான், உள்ளே பெரும்பாலும் 500-இன் அமைப்புதான். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் சேஃப்டி: 500-இல் அது மேலே, கட்டை விரல் போய் விழும் இடத்தில் இருக்கும். 88-இல் விசைக்குப் பக்கத்தில் குறுக்கே தள்ளும் பொத்தான்.

870-இன் உடல் எஃகு, 500-இன் உடல் அலுமினியம். அலுமினியம் என்றதும் பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. இரண்டிலுமே போல்ட், அதாவது தோட்டாவின் பின்னால் அறையை மூடும் துண்டு, போய்ப் பூட்டுவது குழலோடு சேர்ந்த எஃகு நீட்சியில்தான். வெடிப்பின் அழுத்தத்தை அந்த எஃகு தாங்கிக்கொள்கிறது.

#3 இரட்டைக்குழல்

களிமண்தட்டு சொன்னதில் தவறு இல்லை, ஆனால் முதல் துப்பாக்கி வாங்குபவருக்கு நான் வேறு மாதிரி சொல்வேன். இரட்டைக் குழல் மாதிரி மடிந்து திறக்கும் துப்பாக்கியில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: திறந்து கையில் தொங்கவிட்டால், இருபது அடி தள்ளி நிற்பவருக்கும் அது வெறுமையாக இருப்பது தெரியும். பம்ப்பில் அப்படித் தெரியாது. உள்ளே ஒன்று இருக்கிறதா, மேகசின் குழாயில் இன்னொன்று இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று சோக், அதாவது ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) எவ்வளவு விரியும் என்பதை முடிவு செய்யும் குழல் வாயின் நெருக்கம். இரண்டு குழல் என்றால் இரண்டு சோக், இரண்டு விசை. பறவை பக்கத்தில் எழுந்தால் ஒன்று, தூரத்தில் கடந்தால் மற்றது. முடிவு விரலிலேயே இருக்கிறது. அதோடு பம்ப்பில் புதியவர்கள் அவசரத்தில் முன்கட்டையைப் பாதி இழுத்து விட்டுவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காலித் தோட்டா பாதியில் சிக்கும், இரண்டாவது வாய்ப்பு போய்விடும்.

#4 பட்டறை

முப்பது வருடமாகத் துப்பாக்கி பழுது பார்க்கிறேன். இரட்டைக்குழல் நண்பர் சொன்ன பாதுகாப்பு விஷயத்தை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “மலிவு” என்ற சொல் வந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது.

இரட்டைக் குழலில் செலவு எங்கே போகிறது என்று பாருங்கள். இரண்டு குழல்களும் இணையாகக் கிடப்பதாகத் தோன்றும், ஆனால் இல்லை. வாய்ப் பக்கம் சற்றே நெருங்கி வரும்படி வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அப்போதுதான் இரண்டு குழலும் ஒரே இடத்தில் ரவையைக் கொட்டும். அந்த நெருக்கத்தைச் சரி பார்ப்பது கைவேலை. சுட்டுப் பார்த்து, கொஞ்சம் மாற்றி, மறுபடி சுட வேண்டும். பிறகு குழல்கள் வந்து அமரும் இடத்தைப் புகை பூசிப் பூசி அரத்தால் இழைக்க வேண்டும். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டு விழுவது இந்த இரண்டு வேலைக்கும்தான். வலது குழல் ஒரு பக்கமும் இடது குழல் இன்னொரு பக்கமும் கொட்டும் துப்பாக்கிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அதைத் திருத்தும் செலவு துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும்.

பம்ப்பில் ஒரே குழல். மற்றதெல்லாம் இயந்திரமே செய்துவிடும் வேலை. அதனால் மலிவான பம்ப் நல்ல துப்பாக்கியாக இருக்க முடிகிறது. மலிவான இரட்டைக் குழல் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. விதிவிலக்கு உண்டு. இஷெவ்ஸ்கில் செய்யும் ரஷ்ய பைக்கால் கனமாக இருக்கும், மரவேலையில் நயம் இருக்காது, திறக்கவே புதிதில் முட்டியால் அழுத்த வேண்டும். ஆனால் உழைக்கும். நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

புதிய பம்ப் வாங்கினாலும் தோட்டா அறையைப் பாருங்கள். என் சொந்த அனுபவம்: நான் வாங்கிய ஒன்றில் தோட்டா அறையின் உட்சுவர் கடைசல் கோடுகளோடு அப்படியே இருந்தது. மலிவுத் தோட்டாக்களில் அடித்தொப்பி பித்தளையாக இருக்காது, பித்தளை பூசிய மெல்லிய எஃகு. வெடித்ததும் விரிந்த பித்தளை சுருங்குகிற அளவுக்கு எஃகு சுருங்காது. கோடு விழுந்த சுவரில் அது ஒட்டிக்கொள்ளும். பத்துச் சுடுவதற்குள் முன்கட்டையை இழுக்க முடியாமல் தோளில் வைக்கும் கட்டையைத் தரையில் முட்ட வேண்டி வந்தது. மிக நைசான எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டு மெருகேற்றிய பிறகு அந்தத் தொல்லையே இல்லை.

#5 அந்திக்குருவி

எல்லோரும் துப்பாக்கியின் உள்ளே பார்த்துப் பேசுகிறீர்கள். நான் அவருடைய தோளையும் கன்னத்தையும் பற்றிக் கேட்கிறேன்.

ஷாட்கனில் பின் காட்சி கிடையாது. முனையில் ஒரு மணி மட்டும்தான். பின் காட்சியின் வேலையைச் செய்வது உங்கள் கண். அந்தக் கண் எங்கே நிற்கும் என்பதைக் கட்டையின் உயரமும் நீளமும்தான் முடிவு செய்கின்றன. சுமார் 15 மீட்டரில் சுடும்போது கன்னம் ஒன்றரை மில்லிமீட்டர் உயர்ந்தால் அடி இரண்டரை சென்டிமீட்டர் உயரும். தூரம் கூடினால் அதுவும் கூடும். உங்கள் உடம்புக்குப் பொருந்தாத துப்பாக்கியை எவ்வளவு பேர்போன பட்டறையில் செய்திருந்தாலும் அது உங்களுக்குத் தவறாகத்தான் சுடும்.

வாங்குமுன் இதைச் செய்யுங்கள். காலி என்று உறுதி செய்துகொண்டு, ஆள் இல்லாத பாதுகாப்பான திசையில் சுவரின் ஒரு மூலையைக் குறியாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமாகத் தூக்குவது போலத் தோளில் வையுங்கள், கன்னத்தைக் கட்டையில் சாயுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் முனைமணி ரிப்பின் (குழலின் மேல் நீளமாக ஓடும் பட்டை) மேல் தட்டையாக உட்கார்ந்திருக்க வேண்டும். துப்பாக்கியின் முதுகு மட்டும் தெரிந்து மணி மறைந்துபோனால் கட்டை உங்களுக்குத் தாழ்வு. ரிப் முழுவதும் சாய்ந்த பாதை போல நீளமாகத் தெரிந்தால் கட்டை உயரம். மூக்குக்கும் கைப்பிடியில் இருக்கும் கட்டை விரலுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருந்தால் நீளம் சரி. ஐந்தாறு முறை செய்து பாருங்கள், ஒரே முறையில் முடிவெடுக்க வேண்டாம்.

நான் உயரம் குறைவு. முதல் இரண்டு வருடம் மற்றவர்கள் புகழ்ந்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு கன்னம் வீங்கச் சுட்டேன். கட்டையை மூன்று சென்டிமீட்டர் வெட்டிய அன்றுதான் தட்டுகள் உடையத் தொடங்கின.

#6 வரப்போரம்

அந்திக்குருவி, இதை யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. மிக்க நன்றி. இன்று மாலையே போய் மூன்றையும் தோளில் வைத்துப் பார்க்கிறேன்.

ஒற்றைக் குழலைப் பற்றி யாரும் பேசவில்லையே? மலிவு, எளிமை, லேசு. அப்புறம், உதை குறைவாக இருக்கும் என்று 20 போர் எடுக்கச் சொல்கிறார் ஒருவர். சரிதானா?

#7 களிமண்தட்டு

லேசு என்பதை நல்ல குணமாக எண்ணிவிட வேண்டாம். நாள் முழுக்கத் தூக்கி நடப்பவருக்கு அது வரம், சுடுபவரின் தோளுக்கு அது தண்டனை. கிரீனர் என்ற பழைய ஆங்கிலத் துப்பாக்கித் தொழிலாளர் பெயரில் ஒரு கணக்கு உண்டு: துப்பாக்கியின் எடை, அது சுடும் ரவையின் எடையைப் போல 96 மடங்கு இருந்தால் உதை தாங்கும்படி இருக்கும். 28 கிராம் ரவைக்கு ஏறக்குறைய 2.7 கிலோ. 32 கிராமுக்கு 3.1 கிலோ. 36 கிராமுக்கு 3.5 கிலோ. நீங்கள் பார்த்த ஒற்றைக் குழல் இரண்டரை கிலோவுக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் வேட்டைக்கான கனத்த தோட்டாவைப் போட்டு ஒரு நாள் தட்டு சுட்டால், மறுநாள் விசையைத் தொடும்போதே கண் தானாக மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போக்குவது கடினம்.

20 போரும் இதே கதைதான். அந்தத் துப்பாக்கி 12 போரைவிட லேசாகச் செய்யப்பட்டிருக்கும், தோட்டாவில் 24 அல்லது 28 கிராம் ரவை இருக்கும். உதை பெரிதாகக் குறையாது. 3.2 கிலோ 12 போரில் 24 கிராம் தோட்டா போட்டுச் சுட்டுப் பாருங்கள், அதைவிட மென்மையாக இருக்கும். தோட்டாவும் எல்லா இடத்திலும் கிடைப்பது 12-க்குத்தான்.

போர் எண் சிறிதானால் குழல் ஏன் பெரிதாகிறது என்று புதியவர்கள் கேட்பார்கள். ஒரு பவுண்டு ஈயத்தில், குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் குண்டு எத்தனை உருட்டலாம் என்பதே அந்த எண். 12 குண்டு வந்தால் 12 போர், வாய் 18.5 மில்லிமீட்டர். 20 குண்டு வந்தால் 15.6 மில்லிமீட்டர்.

#8 இரட்டைக்குழல்

20 போர் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. வீட்டில் இரண்டு போரும் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடவே கூடாது. 20 போர் தோட்டா 12 போரின் அறைக்குள் நழுவி, முன்னே போய்க் குழலில் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் பார்த்தால் அறை காலி மாதிரித் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், முன்கையும் போகும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். அந்த நிறத்தை எங்கே பார்த்தாலும் எடுத்துத் தனியே வையுங்கள்.

#9 பட்டறை

ஒற்றைக் குழலை நான் வெறுப்பவன் இல்லை. கதவோரம் நிற்கும் கருவியாக, ஒரு நாளைக்கு இரண்டு தோட்டா சுடுபவருக்கு அது போதும். குதிரை, அதாவது தோட்டாவை வெடிக்கத் தட்டும் சுத்தி, வெளியே தெரியும் வகை என்றால், குளிர்ந்த விரலால் குதிரையை மெல்ல இறக்கும்போது நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் இரண்டு நாள் தட்டு சுடப் போகிறவருக்கு அது பொருந்தாது.

வரப்போரம், அந்தப் பழைய இரட்டைக் குழலைப் பார்க்கப் போகிறீர்கள் அல்லவா? குழலைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். உட்சுவரில் ஒளி வளையம் வளையமாக ஓடும். மெதுவாகச் சாய்க்கச் சாய்க்க அந்த வளையங்கள் ஒழுங்காக நகர வேண்டும். ஓரிடத்தில் ஒழுங்கு உடைந்து கருப்பாக ஒரு வளையம் நின்றால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது என்று பொருள். வாயில் மண்ணோ, முந்தைய தோட்டாவின் அடைப்பானோ இருந்தபோது யாரோ சுட்டிருக்கிறார்கள். அதே இடத்தில் வெளிப்பக்கம் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். அப்படி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பிறகு முன்கட்டையை மட்டும் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடி, கைப்பிடியைப் பிடித்து லேசாகக் குலுக்குங்கள். ‘டிக்’ என்று ஓர் அசைவு கையில் தட்டினால் கீல் தேய்ந்துவிட்டது. மேலே உள்ள லிவர் புதிதில் நடுவுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். தேயத் தேய இடப்பக்கம் நகரும். குழல்களை ஒரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். மொத்தையாக ஒலித்தால் ரிப்பின் பற்றவைப்பு எங்கோ விட்டிருக்கிறது. கட்டையின் கழுத்தில், உலோகம் மரத்துக்குள் நுழையும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழலின் மேல்பரப்பில் மரவரி போல, சுழல் சுழலாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்துச் செய்த பழைய வகை. இக்காலத் தோட்டாவை அதில் போடவே வேண்டாம்.

#10 இரட்டைக்குழல்

பட்டறை ஐயா சொன்னதோடு அறை நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஐரோப்பியத் துப்பாக்கிகளில் 65 மில்லிமீட்டர், இப்போது பொதுவாக 70 அல்லது 76. குழலின் அடியில் பொறித்திருக்கும். தோட்டாப் பெட்டியில் எழுதியிருப்பது சுட்ட பிறகு விரிந்த நீளம். அதனால் 76 தோட்டா 70 அறைக்குள் தாராளமாக நுழைந்துவிடும். சுடும்போது அதன் மடிப்பு விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறிவிடும். நுழைகிறதே என்று நம்பி ஏமாறாதீர்கள்.

நீர்ப்பறவைகளுக்கு ஈயம் தடை செய்யப்பட்ட இடங்களில் எஃகு ரவை போட வேண்டியிருக்கும். எஃகு நசுங்காது, அதனால் முழுச் சோக்கில் போடக் கூடாது, அரைச் சோக் வரைதான். வேகம் கூடிய எஃகுத் தோட்டாவுக்கு ஐரோப்பியச் சோதனை முத்திரையில் லில்லிப் பூ இருக்க வேண்டும். பழைய இரட்டைக் குழலில் அது இருக்காது. இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் பம்ப் பக்கம் சாய்கிறேன், சோக்கைத் திருகிக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

#11 அந்திக்குருவி

செமி-ஆட்டோவை (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் வகை) கேட்க நினைப்பவர்களுக்கு: மலிவில் வருபவை சில லேசான தோட்டாக்களை ஏற்காது. தட்டு சுட 24 கிராம் போடுபவருக்கு அது எரிச்சல். பணம் கூடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

#12 வரப்போரம்

பத்து நாள் கழித்து வருகிறேன். வாங்கிவிட்டேன்.

இரட்டைக் குழலில் நீங்கள் சொன்ன கருப்பு வளையம் இருந்தது. இடது குழலில், வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே. வெளியே விரலை ஓட்டினேன், நெல்மணி அளவுக்குக் கூட இல்லை, ஆனால் விரல் ஏறி இறங்கியது. அவ்வளவு அழகான துப்பாக்கி, மனசே இல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். புதிய பம்ப்பைத் தோளில் வைத்துக் கண்ணைத் திறந்தால் ஆறு முறையும் அதன் முதுகு மட்டுமே தெரிந்தது. ஒற்றைக் குழலைத் தராசில் வைத்தோம், 2.4 கிலோ.

கடைசியில் நான் பட்டியலிலேயே வைக்காத ஒன்று. பழைய பம்ப், 3.2 கிலோ, 71 சென்டிமீட்டர் குழல், மூன்று சோக்குகளோடு. வெளியே கறுப்புச் சாயம் போய் உரசல். உள்ளே குழல் கண்ணாடி மாதிரி. கண்ணைத் திறந்தால் மணி அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தோட்டா அறை வழவழவென்று இருக்கிறது.

அடுத்து எந்தச் சோக்கில் தொடங்க?

#13 களிமண்தட்டு

வாழ்த்துகள்! தட்டுக்கு கால் சோக், மற்றதற்கு அரைச் சோக். சோக்கின் விளிம்பில் வெட்டுகள் இருக்கும். ஒரு வெட்டு என்றால் முழுச் சோக், வெட்டு கூடக் கூட விரிவு. ஆனால் பெயரை நம்பாதீர்கள், தாளில் சுட்டுப் பாருங்கள். 40 கெஜத்தில், அதாவது 36.6 மீட்டரில், பெரிய தாள் ஒன்றைக் கட்டி நடுவில் சுடுங்கள். ரவை எங்கே அடர்த்தியோ அதைச் சுற்றி 76 சென்டிமீட்டர் வட்டம் போட்டு எண்ணுங்கள். அரைச் சோக் என்றால் ஏறக்குறைய 60 சதவீதம் உள்ளே விழ வேண்டும். கால் சோக்குக்கு 55, முழுச் சோக்குக்கு 70. ரவை எண் நாட்டுக்கு நாடு மாறும், பெட்டியில் மில்லிமீட்டரைப் பாருங்கள். 2.8 மில்லிமீட்டர் ஈய ரவை 28 கிராமில் சுமார் 220 இருக்கும்.

#14 வரப்போரம்

எண்ணி முடித்தேன். அரைச் சோக், 2.8 மில்லிமீட்டர், 28 கிராம். முதல் தோட்டா வகையில் மூன்று தாள்: 131, 127, 138. அதே சோக்கில், அதே எடையில், இன்னொரு தோட்டா வகை: 108, 99, 112. இந்த இரண்டாவது வகையில் மூன்று தாளிலுமே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெற்றிடம். ஒரு புறா முழுதாக அதற்குள் நின்றிருக்கலாம். இரண்டில் விலை கூடியது இரண்டாவது வகைதான்.

அடியின் மையம் குறிக்குக் கொஞ்சம் மேலே, பக்கவாட்டில் விலகல் இல்லை.

#15 பட்டறை

முதல் வகையில் ஒரு பெட்டிக்குப் பத்துப் பெட்டியாக வாங்கி வைத்துவிடுங்கள், துப்பாக்கி வேறு அலமாரியில், தோட்டா வேறு பூட்டில். தாளைத் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் சோக், தோட்டா, தூரம், தேதி எழுதிச் சுருட்டி வையுங்கள். அடுத்து 25 மீட்டரில் கால் சோக்கோடு இதே மாதிரி மூன்று தாள்.

#16 வரப்போரம்

ஞாயிறு காலை போகிறேன். தாள் வாங்கியாயிற்று.